காட்டுத் தேனீக்களின் ஒட்டுண்ணிகளும் நோய்களும்: மாதிரி சேகரித்தலும் ஆராய்தலும்



ஒட்டுண்ணி வாழ்க்கைக்கு உதாரணம் தருக என்று கேட்டால் பேன், நாடாப்புழு, தூத்துமக்கொத்தான் என எல்லோரும் எழுதிவிடுவீர்கள். ஆனால், "ஒரு பிரதேசத்தில் வாழும் அங்கியொன்றில் ஒட்டுண்ணி உள்ளதா என்பதை எவ்வாறு கண்டறிவீர்?" என்று கேட்டால் பலர் "நுணுக்குக்காட்டியால் பார்க்கலாம்" என ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். எதை எடுத்துப் பார்ப்பது? எத்தனை எடுப்பது? எடுத்ததை எதில் வைப்பது? இவ்வினாக்களுக்கான விடையிலேயே முழுப் புள்ளியும் தங்கியுள்ளது. காட்டுத் தேனீக்களை உதாரணமாகக் கொண்டு இவற்றை இங்கு நோக்குவோம்.

தேனீ ஏன் முக்கியம் என்பதை நீங்கள் அறிவீர்கள். பூசணி, பாகல், புடோல் போன்ற கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் வேறு வேறானவை. மகரந்தத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்ல ஒரு பூச்சி வர வேண்டும். அப்பூச்சி பெரும்பாலும் தேனீயாகும். நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீ ஓரினம் மட்டுமே. இலங்கையில் ஏறத்தாழ 150 தேனீ இனங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை எவராலும் வளர்க்கப்படாதவை. மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருந்தேனீயும், இலையை வட்டமாக வெட்டிச் செல்லும் இலைவெட்டித் தேனீயும், சுவர் வெடிப்பில் கூடு கட்டும் சின்னஞ்சிறிய கொட்டாத தேனீயும் இவற்றில் அடங்கும்.

96 ஆண்டுகள் நீடித்த ஒரு தவறு

மாதிரி சேகரித்தல் ஏன் கவனமாகச் செய்யப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. எனவே இப்பகுதியைச் சற்று விரிவாகப் படியுங்கள்.

ஆசியத் தேனீயின் (ஏபிஸ் செரனா) உடலில் ஒட்டி வாழும் செந்நிறச் சிற்றுண்ணி ஒன்று 1904 இல் விவரிக்கப்பட்டது. மாதிரி கிடைத்த இடம் யாவா தீவு. அதற்கு வரோவா யாக்கோப்சோனி எனப் பெயரிடப்பட்டது. சிற்றுண்ணிகள் பூச்சிகளல்ல. அவை சிலந்தி, தேள் ஆகியவற்றுடன் அரக்னிடா வகுப்பைச் சேர்ந்தவை. ஆத்திரப்போடாக் கணத்தில் நிறையுடலிக்கு எட்டுக் கால்கள் இருந்தால் அது பூச்சியன்று என்பதை நினைவிற் கொள்க.

ஆசியத் தேனீயில் இவ்வுண்ணி பெருந்தீங்கு செய்வதில்லை. விருந்துவழங்கியும் ஒட்டுண்ணியும் மிக நீண்ட காலம் ஒன்றாக வாழ்ந்து ஒன்றுக்கொன்று இசைவாக்கமடைந்துள்ளன. ஆசியத் தேனீயின் வேலையாட்கள் உண்ணியைப் பிடித்து அகற்றுகின்றன. நோயுற்ற குடம்பிகளைக் கூட்டிலிருந்து வெளியேற்றுகின்றன. 1981 இல் வெளியான ஆய்வொன்று இலங்கையிலேயே செய்யப்பட்டது. ஆசியத் தேனீயின் கூட்டில் இவ்வுண்ணி ஆண்தேனீ வளரும் அறைகளில் மட்டுமே இனம்பெருக்குகின்றது என அவ்வாய்வு காட்டியது. ஆண்தேனீக்கள் வருடத்தின் சில காலங்களில் மட்டுமே வளர்க்கப்படுவதால் உண்ணியின் தொகை கட்டுப்பட்டு நிற்கின்றது.

இனி, மனிதர் செய்ததைப் பாருங்கள். அதிக தேன் தரும் என்பதற்காக ஐரோப்பியத் தேனீ (ஏபிஸ் மெலிபெரா) கிழக்காசியாவுக்குக் கொண்டுவரப்பட்டு ஆசியத் தேனீயின் அருகில் வைக்கப்பட்டது. உண்ணி புதிய விருந்துவழங்கிக்குத் தாவியது. ஐரோப்பியத் தேனீக்கு இவ்வுண்ணி முற்றிலும் புதியது. அங்கு அது ஆண்தேனீ அறையில் மட்டுமன்றி வேலையாள் அறையிலும் இனம்பெருக்கியது. 1970களில் ஐரோப்பாவிலும், 1987 இல் ஐக்கிய அமெரிக்காவிலும், 1992 இல் பிரித்தானியாவிலும், 2000 இல் நியூசிலாந்திலும் அது காணப்பட்டது. சிகிச்சை அளிக்காவிடின் கூட்டம் சில வருடங்களில் அழிந்துபோகும்.

இக்காலம் முழுவதும் விஞ்ஞானிகள் இந்த உண்ணியை வரோவா யாக்கோப்சோனி என்றே எழுதி வந்தனர். வெளித்தோற்றத்தில் அது 1904 இல் விவரிக்கப்பட்டதைப் போலவே இருந்தது. ஆனால் ஒரு விடயம் இடித்தது. யாவாவின் ஆசியத் தேனீயில் காணப்பட்ட உண்ணிகள் அயலிலிருந்த ஐரோப்பியத் தேனீயில் இனம்பெருக்கவில்லை. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த டெனிஸ் அன்டர்சன், ஜோன் ட்ரூமன் ஆகிய இருவரும் ஆசியாவின் பல நாடுகளிலிருந்து ஆசியத் தேனீயின் உண்ணிகளைப் பெற்று, அவற்றின் இழைமணி டி.என்.ஏ. யையும் உடல் அளவையும் ஒப்பிட்டனர். 2000 இல் முடிவு வெளியாயிற்று. ஒரே இனம் எனக் கருதப்பட்டதனுள் குறைந்தது இரண்டு இனங்கள் மறைந்திருந்தன. டி.என்.ஏ. அடிப்படையில் 18 வகைகள் காணப்பட்டன. அவற்றுள் இரண்டு வகைகள் மட்டுமே உலகெங்கும் ஐரோப்பியத் தேனீயைத் தாக்குபவை. அவ்விரண்டும் யாக்கோப்சோனி அல்ல! அவை அடங்கிய இனத்துக்கு வரோவா டெஸ்ரக்ரர், அதாவது "அழிப்பது" என்னும் பொருள்படும் பெயர் இடப்பட்டது. இவ்வினத்தின் பெண் உண்ணி ஏறத்தாழ 1.7 மில்லிமீற்றர் அகலமானது. யாக்கோப்சோனியின் பெண் ஏறத்தாழ 1.5 மில்லிமீற்றர். இந்த 0.2 மில்லிமீற்றர் வித்தியாசத்தை எவரும் பொருட்படுத்தாமலே பல்லாண்டுகள் கழிந்தன.

காட்டிலும் தோட்டத்திலும் வாழும் ஆசியத் தேனீயிலிருந்து, பல இடங்களில், முறையாகச் சேகரிக்கப்பட்ட மாதிரிகள் இல்லாவிடின் இது தெரியவந்திராது. பெயர் மாறியதால் என்ன பயன் என்று கேட்கலாம். எந்த உண்ணி ஆபத்தானது எனத் தெரியாத நாடு தனது துறைமுகத்தில் எதைத் தடுப்பது? கதை இத்துடன் முடியவுமில்லை. 2008 இல் பப்புவா நியூகினியில் யாக்கோப்சோனி உண்ணியும் ஐரோப்பியத் தேனீயில் இனம்பெருக்கத் தொடங்கியமை கண்டறியப்பட்டது. வரோவா டெஸ்ரக்ரர் நிலைகொள்ளாமல் நீண்டகாலம் காக்கப்பட்டு வந்த அவுஸ்திரேலியாவில் 2022 யூனில் நியூகாசில் துறைமுகத்தருகே அது காணப்பட்டது. பெருந்தொகையான கூடுகள் அழிக்கப்பட்டும் பயனில்லை. 2023 செத்தெம்பரில் ஒழிக்கும் முயற்சி கைவிடப்பட்டு, கட்டுப்படுத்தி வாழும் திட்டத்துக்கு மாறினர்.

எதைத் தேடுகிறோம்?

தேனீயைத் தாக்குபவை பல்வேறு தொகுதிகளைச் சேர்ந்தவை. தேடும் இடமும் அதற்கேற்ப மாறும்.

வரோவா ஒரு புற ஒட்டுண்ணி. நிறையுடலித் தேனீயின் வயிற்றுத் தகடுகளின் இடையே பதுங்கியிருக்கும். பின்னர் மூடப்படவிருக்கும் அறையினுள் நுழைந்து கூட்டுப்புழுவில் இனம்பெருக்கும். அது தேனீயின் குருதிநிணநீரை உறிஞ்சுகின்றது என்றே நெடுங்காலம் நூல்களில் எழுதப்பட்டது. நிறையுடலித் தேனீயில் அது முக்கியமாக உண்பது கொழுப்பிழையத்தையே என 2019 இல் வெளியான ஆய்வு காட்டியது. பழைய கையேடுகளில் வேறுவிதமாகக் கண்டால் குழம்ப வேண்டாம். உண்பதோடு சிறகு உருக்குலைவு வைரசையும் அது ஒரு தேனீயிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துகின்றது. இங்கு உண்ணி ஒட்டுண்ணியாகவும் நோய்க்காவியாகவும் தொழிற்படுகின்றது. நுளம்பையும் டெங்கு வைரசையும் ஒப்பிட்டு நோக்குக.

மலைத்தேனீயில் (ஏபிஸ் டோர்சாற்றா) வாழும் துரோப்பிலேலப்ஸ் என்னும் உண்ணி வேறுவிதமானது. நீளம் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர், ஒடுங்கிய உடல், விரைவாக ஓடும். இச்சாதியைச் சேர்ந்த துரோப்பிலேலப்ஸ் கோனிகெரம் என்னும் இனம் 1982 இல் விவரிக்கப்பட்டது இலங்கை மலைத்தேனீயிலிருந்து பெற்ற மாதிரிகளைக் கொண்டேயாகும். இவ்வுண்ணி குடம்பியையும் கூட்டுப்புழுவையும் உண்டு வாழ்கிறது. நிறையுடலித் தேனீயில் சில நாட்களுக்கு மேல் தாக்குப்பிடிக்காது. எனவே பூவில் மேயும் தேனீயை மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு "உண்ணி இல்லை" என எழுதினால் அது பிழையான முடிவாகலாம். தேட வேண்டிய இடம் வதை.

நொசீமா என்பது நடுக்குடலின் கலங்களினுள் வாழும், பங்கசுகளுடன் நெருங்கிய உறவுடைய ஒரு நுண்ணங்கி. இதன் வித்திகள் மலத்துடன் வெளியேறி உணவுடன் அடுத்த தேனீயின் வாய்க்குட் செல்கின்றன. நொசீமா செரனே என்னும் இனம் 1996 இல் சீனாவின் ஆசியத் தேனீயில் முதன்முதல் விவரிக்கப்பட்டது. பின்னர் ஐரோப்பியத் தேனீயிலும் அது பரவியிருப்பது தெரியவந்தது. 2020 இலிருந்து பலர் இதனை வைரிமோர்பா என்னும் சாதியில் சேர்த்து எழுதுகின்றனர். இரு பெயரும் ஒன்றையே குறிக்கும்.

வைரசுகளுள் ஆசியத் தேனீக்குப் பெருங்கேடு விளைத்தது பைக்குடம்பி வைரசின் தாய்லாந்து வகையாகும். இது 1976 இல் தாய்லாந்தில் அறியப்பட்டது. நோயுற்ற குடம்பி கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் நிரம்பிய பை போலாகி அறையிலேயே இறக்கும். 1991 – 92 காலத்தில் இந்நோய் தென்னிந்தியாவில், சிறப்பாகக் கேரளத்தில், பெட்டித் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பங்கை அழித்தது. தேனீ வளர்ப்பை மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் ஓரிரு பருவங்களில் தொழிலை இழந்தன.

மாதிரியை எவ்வாறு பெறுவது?

முதலில் அனுமதி. இலங்கையின் பாதுகாக்கப்பட்ட பிரதேசங்களில் மாதிரி எடுப்பதற்கு, இடத்தைப் பொறுத்து வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தினது அல்லது வனப் பாதுகாப்புத் திணைக்களத்தினது அனுமதி பெறப்பட வேண்டும். தனியார் தோட்டமெனில் உரிமையாளரிடம் கேட்க வேண்டும்.

பூக்களை நாடி வரும் தேனீக்களைப் பிடிக்கப் பூச்சிவலை பயன்படும். பிடித்த ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு குழாயிலிட்டு உடனே பனிக்கட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். ஏன் தனித்தனி? பத்துத் தேனீக்களை ஒரே போத்தலிலிட்டால் ஒன்றின் மலத்திலுள்ள வித்தி மற்றைய ஒன்பதிலும் ஒட்டிக்கொள்ளும். ஒன்றிலிருந்து கழன்ற உண்ணி எதற்குரியது என்பதும் தெரியாது போய்விடும். இடுக்கியையும் ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்ய வேண்டும்.

மஞ்சள், வெள்ளை, நீல நிறக் கிண்ணங்களில் சவர்க்காரம் கலந்த நீரை வைத்துப் பூச்சிகளைப் பிடிக்கும் முறையும் உண்டு. எவ்வினங்கள் உள்ளன என அறிய அது மலிவான, நல்ல முறை. நோய் ஆய்வுக்கோ பெரும்பாலும் உதவாது. எல்லாம் ஒரே நீரில் நாள் முழுதும் ஊறுவதால் மாதிரிகள் ஒன்றையொன்று மாசுபடுத்தும், வைரசின் ஆர்.என்.ஏ. யும் சிதைந்துவிடும். ஒரு நோக்கத்துக்குப் பொருத்தமான முறை மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கூட்டிலிருந்து எடுக்கும்போது வேறு கவனம் வேண்டும். ஆசியத் தேனீயின் ஆண்தேனீ அறையை அடையாளங் காண்பது எளிது. அதன் கடினமான மூடியின் நடுவே ஊசித் துளை போன்ற ஒரு துவாரம் உண்டு. மூடியை நீக்கி, கூட்டுப்புழுவை இடுக்கியால் மெதுவாக வெளியே எடுத்து, அதன் உடலையும் அறைச் சுவரையும் பார்க்க வேண்டும். சுவரில் வெண்ணிறப் புள்ளிகள் காணப்பட்டால் அவை உண்ணியின் மலமாக இருக்கலாம். பெண் உண்ணி வெற்றுக் கண்ணுக்கே தெரியும்.

நிறையுடலித் தேனீக்களில் உள்ள உண்ணியை எண்ண, ஐரோப்பியத் தேனீயில் ஏறத்தாழ 300 தேனீக்களை அற்ககோலிற் குலுக்குவர். தேனீக்கள் இறந்துவிடும். பல்லாயிரம் தேனீக்கள் உள்ள கூட்டுக்கு இது பெரிய இழப்பன்று. சில ஆயிரம் மட்டுமே உள்ள ஆசியத் தேனீக் கூட்டத்துக்கோ இது சிறிய இழப்பல்ல. அதற்குப் பதிலாக மாச்சீனியைத் தூவி உருட்டினால் உண்ணிகள் பிடி நழுவி விழும். தேனீக்கள் உயிருடன் கூட்டுக்குத் திரும்பும்.

மலைத்தேனீயின் கூட்டை மாணவர் எவரும் அணுகக் கூடாது. மலையகத் தோட்டங்களில் தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகினர் என்னும் செய்திகளைக் கேட்டிருப்பீர்கள். "குளவி" எனக் கூறப்படுவன சிலவேளைகளில் குளவிகளல்ல, மலைத்தேனீக்களே. ஒன்று கொட்டியதும் வெளியாகும் எச்சரிக்கை இரசாயனம் ஏனையவற்றையும் அழைக்கும். ஆராய்ச்சியாளரே பாதுகாப்புடை அணிந்து, அனுபவமுள்ளவரின் துணையுடன்தான் செல்வர். இத்தேனீக்கள் பருவத்துக்கேற்ப இடம்பெயர்பவை. அவை விட்டுச் சென்ற வெற்று வதையை ஆராய்வதும் ஒரு வழியாகும்.

எத்தனை தேனீக்கள் போதும்?

இங்கு கணிதபாடம் கைகொடுக்கும். ஒரு பிரதேசத்தின் தேனீக்களில் 5 சதவீதமானவை நோயுற்றுள்ளன எனக் கொள்வோம். எழுமாறாகப் பிடித்த ஒரு தேனீ நோயற்றதாக இருப்பதற்கான நிகழ்தகவு 0.95 ஆகும். இரண்டும் நோயற்றவையாக இருக்க 0.95 × 0.95 = 0.9025. இவ்வாறே பெருக்கிச் சென்றால் 10 தேனீக்களும் நோயற்றவையாக இருப்பதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.60, 20 எனில் 0.36, 59 எனில் 0.05 இலும் சற்றுக் குறைவு.

இதன் கருத்து யாது? 10 தேனீக்களை மட்டும் பார்த்தால், நோய் இருந்தும் அதைத் தவறவிடும் வாய்ப்பு 60 சதவீதம்! நோயிருந்தால் 95 சதவீத நம்பகத்துடன் கண்டுபிடிக்க ஏறத்தாழ 60 தேனீக்கள் தேவை. ஆய்வறிக்கைகளில் அறுபதுக்குக் கிட்டிய எண்கள் அடிக்கடி வருவதற்குக் காரணம் இதுவே. நோய் 1 சதவீதமானவற்றில் மட்டும் இருந்தால் ஏறத்தாழ 300 தேவைப்படும். (கணிப்பானில் 0.99 ஐத் தொடர்ந்து பெருக்கிப் பாருங்கள்.)

எண்ணிக்கை மட்டும் போதாது. அறுபதையும் ஒரே மரத்தடியிற் பிடித்தால் அவை ஒரே கூட்டின் சகோதரிகளாக இருக்கலாம். அப்போது நீங்கள் ஆராய்ந்தது ஒரு பிரதேசத்தையல்ல, ஒரு கூட்டையே. நோயுற்ற தேனீ மெதுவாகப் பறப்பதால் வலையில் எளிதாக அகப்படும். கடுமையாக நோயுற்றதோ கூட்டை விட்டு வெளியே வராது. இவை இரண்டும் மாதிரியைப் பக்கச்சார்பானதாக்கும். நொசீமா முதிர்ந்த, வெளியே சென்றுவரும் தேனீக்களில் அதிகமாகவும் இளம் தேனீக்களில் குறைவாகவும் காணப்படும். ஆகவே கூட்டின் வாயிலில் எடுத்த மாதிரியையும் வதை நடுவே எடுத்த மாதிரியையும் ஒப்பிடுவது முறையன்று.

பேணலும் ஆய்வும்

உடலமைப்பை மட்டும் பார்ப்பதெனில் 70 சதவீத எதனோல் போதும். டி.என்.ஏ. ஆய்வுக்கு 95 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட எதனோல் சிறந்தது. வைரசைத் தேடுவதெனில், ஆர்.என்.ஏ. விரைவில் சிதைவதால், மாதிரி உடனே குளிரூட்டப்பட்டு மறை 80 பாகை செல்சியசில் வைக்கப்படல் வேண்டும். சூழலில் மின்வெட்டு ஒருநாள் நீடித்தாலே பல மாத உழைப்பு வீணாகலாம்.

சுட்டுத்துண்டைப் பென்சிலால் எழுதிக் குழாயினுள்ளேயே இடுவர். பேனா மை எதனோலில் கரைந்துவிடும் என்பதே காரணம். இடம், திகதி, நேரம், எந்தத் தாவரத்தின் பூ, சேகரித்தவர் பெயர் ஆகியன அதில் இருக்க வேண்டும். இவை இல்லாத மாதிரி இறந்துபோன ஒரு தேனீ மட்டுமே.

நொசீமாவைப் பார்க்க வயிற்றுப் பகுதியை ஒரு தேனீக்கு 1 மில்லிலீற்றர் என்னும் அளவில் நீரில் நசித்து, ஒரு துளியை வழுக்கியிலிட்டு 400 மடங்கு உருப்பெருக்கத்தில் நோக்குவர். நீள்வட்டமான, பளபளப்பான வித்திகள் தெரியும். எந்த இனத்தின் வித்தி என்பதைக் கண்ணால் நிச்சயிக்க முடியாது, அதற்கு டி.என்.ஏ. பரிசோதனை வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒரே பூவுக்குப் பல இனத் தேனீக்கள் வருகின்றன. நோயுற்ற தேனீ விட்டுச் சென்ற வித்தியோ வைரசோ அடுத்து வரும் தேனீயின் மேல் படியலாம். அத்தேனீயில் வைரசு கண்டறியப்பட்டது என்பதால் அது நோயுற்றுள்ளது என்றாகாது. வைரசு அதன் கலங்களினுள் பெருகுகின்றதா எனத் தனியாகச் சோதிக்க வேண்டும். பிரித்தானியாவில் 2014 இல் வெளியான ஆய்வில், காட்டில் வாழும் பெருந்தேனீக்களில் (பம்பிள் தேனீ) சிறகு உருக்குலைவு வைரசும் நொசீமா செரனேயும் கண்டறியப்பட்டபோது, இச்சோதனையையும் சேர்த்தே செய்தனர். வளர்ப்புத் தேனீயின் நோய் காட்டுத் தேனீக்கும் செல்லும் என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று.

பாடசாலையில் செய்யக்கூடியது

கொட்டும் அபாயமில்லாத ஒரு செயற்பாடு உள்ளது. ஒரு முனை மூடிய, 6 – 8 மில்லிமீற்றர் உள்விட்டமுடைய மூங்கிற் குழாய்கள் இருபதை ஒன்றாகக் கட்டி, மழை படாத சுவரோரம் தொங்கவிடுங்கள். தனித்து வாழும் இலைவெட்டித் தேனீக்கள் அவற்றுள் இலைத்துண்டுகளால் அறை அமைத்து முட்டையிடக்கூடும். வாய் மூடப்பட்ட குழாயை மெல்லிய துணியால் கட்டி, திகதியைக் குறித்து வையுங்கள். சில வாரங்களின் பின் வெளிவருவது எல்லாம் இலைவெட்டித் தேனீயாகவே இருக்கும் என எதிர்பார்க்காதீர்கள். கூர்மையான வயிறுடைய வேறொரு தேனீ வெளிவந்தால், அது பிறர் கூட்டில் முட்டையிட்டு அங்குள்ள உணவைத் திருடி வளரும் குயில்தேனீயாக இருக்கலாம். சிறு குளவிகளும் வரலாம். எண்ணிப் பதிந்த பின் அனைத்தையும் பறக்கவிடுங்கள்.

பயிற்சி வினா

மாணவனொருவன் தனது கிராமத்தில் ஒரு முருங்கை மரத்தில் மேய்ந்த 10 ஆசியத் தேனீக்களைப் பிடித்து ஒரே போத்தலில் 70 சதவீத எதனோலில் இட்டான். உண்ணி எதையும் காணாததால் "எமது கிராமத்துத் தேனீக்களில் உண்ணியும் இல்லை, வைரசும் இல்லை" என முடிவு செய்தான்.

(அ) அவனது மாதிரியின் பருமன் போதாது என்பதை நிகழ்தகவைப் பயன்படுத்திக் காட்டுக.
(ஆ) ஒரே மரத்தில் பிடித்தமை முடிவை எவ்வாறு பாதிக்கும்?
(இ) வைரசு பற்றிய அவனது முடிவு ஏன் ஏற்கத்தக்கதன்று? இரு காரணங்கள் தருக.
(ஈ) வரோவா உண்ணியைத் தேட அவன் வேறு எதனை ஆராய்ந்திருக்க வேண்டும்?

விடைக் குறிப்பு: (அ) இற்கு 0.95 இன் பத்தாம் வலு ஏறத்தாழ 0.60 எனக் காட்டி, அதன் கருத்தையும் ஒரு வசனத்தில் எழுத வேண்டும். எண்ணை மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது. (ஆ) இல் "ஒரே கூட்டைச் சேர்ந்தவையாக இருக்கலாம்" என்பது எதிர்பார்க்கப்படுகிறது. (இ) இற்கு, வைரசை வெற்றுக் கண்ணால் காண முடியாது, அதற்குரிய பரிசோதனை எதுவும் செய்யப்படவில்லை என்பதும், அவன் பேணிய விதத்தில் ஆர்.என்.ஏ. சிதைந்திருக்கும் என்பதும் பொருத்தமானவை. (ஈ) இற்குக் கூட்டிலுள்ள மூடப்பட்ட ஆண்தேனீ அறைகளைக் குறிப்பிடுக. "கூட்டை ஆராய வேண்டும்" என்று மட்டும் எழுதுவது போதாது.